தையாலும் டைட்டானோசீனும்: டர்பன் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கடலோரமாக வடக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் போனால் ரிச்சர்ட்ஸ் பே வரும். அங்கே கடற்கரை மணல்மேடுகளிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான் எல்லாம் பிரித்தெடுக்கிறார்கள். இல்மனைட்டை மின் உலையில் உருக்கி, டைட்டானியம் மிகுந்த கசடாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். அப்படிப்பட்ட கசடைக் கரியோடு சேர்த்துக் குளோரினில் சூடாக்கினால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு கிடைக்கும். அதோடு சோடியம் சைக்ளோபென்டாடையீனைடைச் சேர்த்தால் வருவது டைட்டானோசீன் டைகுளோரைடு, செக்கச்செவேலென்ற படிகம். ஐந்து கார்பன் கொண்ட இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையங்களும் இரண்டு குளோரினும் ஒரு டைட்டானியத்தைப் பிடித்திருக்கும் சேர்மம் அது. மூலப்பொருள் நம் மாகாணத்து மண்தான். ஆனால் ஆய்வகத்துக்கு வரும் சிறு புட்டி வெளிநாட்டிலிருந்து வாரக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டியது. அதனால் அதை வீணாக்காமல் கையாளக் கற்றுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ முனைவர் பட்டத்துக்கு வந்து க்வாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் வளர்ந்து, பாட்டியிடம் தமிழ் கற்று, இப்போது ஹானர்ஸ் ஆண்டில் ஆய்வுத் திட்டம் எடுத்திருப்பவர்களுக்கும் பயன்படும். தையால் (கந்தகம்–ஹைட்ரஜன் தொகுதி உள்ள கரிமச் சேர்மம்) போன்ற கரிம கந்தகச் சேர்மங்களும் கரிம டைட்டானியம் சேர்மங்களும் எப்படி வினைபுரிகின்றன, முதல் வினையை எப்படிச் செய்வது, அங்கிருந்து எங்கே போகலாம் என்பதுதான் விஷயம். மேற்பார்வையாளரின் அனுமதியும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவமும் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

தொடங்கும் முன்: டைட்டானியத்துக்கு யாரைப் பிடிக்கும்

+4 நிலையில் உள்ள டைட்டானியத்தில் டி எலக்ட்ரான்களே இல்லை. சிறிய, மின்னூட்டம் மிகுந்த, எலக்ட்ரானுக்கு ஏங்குகிற அயனி அது. ஃப்ளோரினும் ஆக்சிஜனும்தான் அதற்கு முதல் விருப்பம். கந்தகம் பெரிய, இளகிய அணு. டைட்டானியத்தோடு பிணையும், ஆனால் ஆக்சிஜன் வந்துவிட்டால் பந்தியிலிருந்து எழுந்துகொள்ள வேண்டியதுதான். நீர், ஆல்கஹால், காற்று மூன்றுமே ஆக்சிஜனைக் கொண்டுவருபவை.

கீழே சொல்லப்போகும் முன்னெச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து வருகின்றன. ஏன் உலர்ந்த கரைப்பான், ஏன் ஆர்கான், ஏன் சிலிக்கா பத்தியில் ஏற்றக்கூடாது என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. கந்தகம் தளர்வாகப் பிடித்திருப்பதால்தான் டைட்டானியத்திலிருந்து அதை வேறொரு மூலக்கூறுக்கு எளிதாக மாற்றிக்கொடுக்க முடிகிறது. இந்தச் சேர்மங்களை யாராவது செய்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அதற்காகத்தான்.

எந்தத் தையாலோடு தொடங்குவது

பழைய கட்டுரைகளில் தையோஃபீனால்தான் அதிகம். நான் 4-மெத்தில்பென்சீன்தையாலைத்தான் சொல்வேன். அது திண்மம், சுமார் 43 டிகிரி செல்சியஸில் உருகும். தராசில் நிறுக்கலாம், சிரிஞ்சு நுனியிலிருந்து சொட்டாது. வாடை உண்டு, ஆனால் தாங்கலாம். என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையில்) அதன் மெத்தில் தொகுதி தனியாக, தெளிவாக ஒரு கோடு தரும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. எத்தேன்தையால், பியூட்டேன்தையால் பக்கம் முதல் ஆண்டில் போகாதீர்கள்.

வாடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலப்பதே எத்தேன்தையால்தான். ஆகவே ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் தையால் வெளியே போனால், கட்டடத்தில் இருப்பவர்கள் கேஸ் கசிவு என்றுதான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். ஒருமுறை ஓர் ஆய்வகத்தில் யாரோ தையால் குடுவையைச் சாதாரண சின்க்கில் கழுவியதில் மாடி முழுவதும் காலியானது. யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. மெரிபேங்க், வென்ட்வர்த் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வளர்ந்தவர்கள் கந்தக வாடையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாலையில் மினிபஸ் டாக்ஸியில் தோளோடு தோள் உரசி வீட்டுக்குப் போகிறவர் என்றால், ஆய்வக அங்கியை ஆய்வகத்திலேயே விட்டுப்போங்கள்.

நடைமுறை இதுதான். தையால் தொட்ட எல்லாமே ஃபூம் ஹூட்டுக்குள்ளேயே (ஆவியை வெளியே இழுக்கும் அலமாரி) இருக்க வேண்டும். இரண்டு அடுக்கு நைட்ரைல் கையுறை. மேலுறையில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே மாற்றுங்கள், தையாலும் டொலுவீனும் நைட்ரைலைச் சீக்கிரம் ஊடுருவும். ஹூட்டுக்குள் ஒரு பெரிய பாத்திரத்தில் ஜிக்கைத் தண்ணீரில் கலந்து வையுங்கள். எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும் ப்ளீச்தான். அதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டு தையாலை ஆக்சிஜனேற்றி வாடையைக் கொல்லும். குடுவையை முதலில் சிறிது டொலுவீனால் அலசி அந்த அலசலைக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு, பிறகு ப்ளீச்சில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அமீன் உள்ள கரைசலையோ அமிலத்தையோ அசிட்டோனையோ ப்ளீச்சில் ஊற்றாதீர்கள். அமீன் நச்சுக் குளோரமீன்களையும், அமிலம் குளோரின் வாயுவையும், அசிட்டோன் குளோரோஃபார்மையும் கொடுக்கும்.

ஈரமும் மின்வெட்டும்

ஜனவரி, பிப்ரவரி டர்பன் காற்றில் கண்ணாடிப் பாத்திரம் வெளியே வைத்த சில நிமிடங்களிலேயே ஈரம் பிடித்துவிடும். அடுப்பில் 120 டிகிரிக்கு மேல் இரவு முழுக்க வைத்து, சூடாக இருக்கும்போதே பொருத்தி, வெற்றிடத்தில் ஆறவிடுங்கள். வடிகட்டப் பயன்படும் செலைட்டு என்ற தூளையும் அதே அடுப்பில் வையுங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கரைப்பானை உலர்த்த இரண்டு வழி. சோடியமும் பென்சோஃபீனோனும் போட்டுக் காய்ச்சி வடிப்பது பழைய, அழகான வழி. ஊதா நிறம் வந்தால் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ நின்றுபோனால், குளிர்விக்க நீர் இல்லாமல், சூடான சோடியத்தின் மேல் கரைப்பான் ஆவியாகிக்கொண்டிருக்கும். மூலக்கூறு சல்லடை போதும். 3 ஆங்ஸ்ட்ராம் சல்லடையை வெற்றிடத்தில் 300 டிகிரி அளவில் சூடாக்கி உயிர்ப்பித்து, டொலுவீனில் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டால் இந்த வினைக்கு வேண்டிய அளவு உலர்ந்துவிடும். ட்ரைஎத்திலமீனைக் கால்சியம் ஹைட்ரைடின் மேல் வைத்துக் காய்ச்சி வடித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மேல் சேமியுங்கள்.

லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) 2023 அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் பேட்டையில் கம்பி அறுந்து மின்சாரம் போவது நின்றபாடில்லை. ஷ்லெங்க் லைனில் (வெற்றிடத்தையும் ஆர்கானையும் மாற்றி மாற்றித் தரும் கண்ணாடிக் குழாய் அமைப்பு) வேலை செய்யும்போது பம்பு திடீரென நின்றால் என்ன செய்வது என்பதைக் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். முதலில் குடுவைகளின் குழாயை மூடுங்கள், வினை பாதுகாப்பாக இருக்கும். அடுத்து, ட்ராப்பைச் (பம்புக்கு முன் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் குளிர்ந்த குழாய்) சுற்றியுள்ள திரவ நைட்ரஜன் டீவாரைக் (வெற்றிடச் சுவர்க் குடுவை) கீழே இறக்குங்கள். அதன் பிறகுதான் பம்புப் பக்கம் காற்றை விட வேண்டும்.

இந்த வரிசை மாறக்கூடாது. திரவ நைட்ரஜன் −196 டிகிரியில் கொதிக்கிறது, ஆக்சிஜன் −183 டிகிரியில். குளிர்ந்த ட்ராப்புக்குள் காற்று நுழைந்தால் ஆக்சிஜன் திரவமாகிச் சேரும். ஏற்கெனவே அங்கே இருக்கும் டொலுவீனோடு சேர்ந்தால் அது வெடிபொருள். ட்ராப்பில் இளநீலத் திரவம் தெரிந்தால் குழாயை மூடி அடைக்காதீர்கள், டீவாரையும் அசைக்காதீர்கள். ஹூட் கண்ணாடியை இறக்கிவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். ஆர்கானும் −186 டிகிரியில் திரவமாகும் என்பதால், ஆர்கான் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கக் குழாயை வெற்றிடத்துக்குத் தவறித் திறந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ட்ராப் பிறகு சூடாகும்போது அழுத்தம் ஏறி உடையும்.

வினை

அளவுகள் எளிதாக நினைவில் நிற்கும். டைட்டானோசீன் டைகுளோரைடின் மூலக்கூறு எடை 249, 0.50 கிராம் எடுத்தால் 2.0 மில்லிமோல். 4-மெத்தில்பென்சீன்தையாலும் 0.50 கிராம், அது 4.0 மில்லிமோல். ட்ரைஎத்திலமீன் 0.60 மி.லி., சற்றே மிகுதி. ஒரு டைட்டானியத்துக்கு இரண்டு தையால், இரண்டு அமீன்.

அமீன் எதற்கு? தையாலிலிருந்து ஹைட்ரஜனும் டைட்டானியத்திலிருந்து குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு உருவாகிறது. அதை அப்படியே விட்டுவைத்தால் உருவான டைட்டானியம்–கந்தகப் பிணைப்பை அதுவே திரும்ப உடைக்கும். அமீன் அதைப் பிடித்து உப்பாக்கிவிடுகிறது. அந்த உப்பு டொலுவீனில் கரையாது; வெள்ளையாகப் படிந்து வினையை முன்னோக்கி இழுக்கிறது. டொலுவீனைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே காரணம். டைகுளோரோமீத்தேனில் உப்பு கரைந்துவிடும், பிறகு பிரிக்க அவதிப்பட வேண்டும்.

100 மி.லி. ஷ்லெங்க் குடுவையில் டைட்டானோசீன் டைகுளோரைடையும் கலக்கும் காந்தத்தையும் போட்டு, வெற்றிடம்–ஆர்கான் மூன்று முறை மாற்றுங்கள். 30 மி.லி. டொலுவீன் சேருங்கள். முழுக்கக் கரையாது, சிவப்புக் கலங்கலாக நிற்கும், பதற வேண்டாம். இன்னொரு குடுவையில் தையாலை 10 மி.லி. டொலுவீனில் ஆர்கான் சூழலில் கரைத்து, அமீனைச் சேருங்கள். கோடையில் அறையே 30 டிகிரி இருக்கும், அதனால் முதல் குடுவையைப் பனிக்கட்டிக் குளியலில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் தையால் கரைசலைக் கேனுலா (இரு முனையும் கூரான மெல்லிய குழாய்) வழியாகப் பத்து நிமிடம் போல் மெதுவாகச் சொட்டவிடுங்கள்.

நிறத்தைக் கவனியுங்கள். இந்த வேதியியலில் கண்ணே முதல் கருவி. சிவப்பு இருண்டு கருஞ்சிவப்பாகி, பிறகு ஆழ்ந்த ஊதாவாகும். கந்தகத்தின் எலக்ட்ரான் டைட்டானியத்தின் வெற்று ஆர்பிட்டாலுக்குத் தாவும்போது ஒளி உறிஞ்சப்படுவதால் வரும் நிறம் இது. கரைசல் ஊதாவாகாமல் ஆரஞ்சு, மஞ்சள் பக்கம் வெளுத்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. டைட்டானியம்–ஆக்சிஜன்–டைட்டானியம் பாலம் உருவாகிறது. அந்த நிலையிலிருந்து மீட்க முயலாதீர்கள், நேரம்தான் போகும். பச்சை தெரிந்தால் டைட்டானியம் +3 நிலைக்கு ஒடுக்கப்பட்டிருக்கலாம். அமீனுக்குப் பதில் பியூட்டைல்லித்தியம் கொண்டு தையோலேட்டு (ஹைட்ரஜன் நீங்கிய தையால்) தயாரித்து, லித்தியம் சேர்மம் கொஞ்சம் மிஞ்சிப்போனவர்கள் இதைப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் அமீன் வழியே நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறை வெப்பநிலையில் சில மணி நேரம், வசதியானால் இரவு முழுக்கக் கலக்குங்கள். ஈஸ்டர் போன்ற நீண்ட விடுமுறைக்கு முன் தொடங்காதீர்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டுச் செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது ஆர்கான் சிலிண்டர் தீர்ந்திருக்கும், ஊதா மஞ்சளாகியிருக்கும்.

ஆர்கான் சூழலில் செலைட் வழியாக வடிகட்டுங்கள். 0.55 கிராம் அளவுக்கு வெள்ளை உப்பு மேலே தங்க வேண்டும்; அது மிகக் குறைவாகத் தெரிந்தால் வினை முடியவில்லை. ஊதா வடிதிரவத்தை வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, மேலே மெதுவாக உலர்ந்த ஹெக்சேன் ஊற்றி, −20 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். முழு விளைச்சல் என்றால் 0.85 கிராம். முதல் முறையிலேயே அதில் பாதிக்கு மேல் கிடைத்தால் கை நன்றாகத்தான் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஆய்வகத்தில் எழுதிய குறிப்பைப் பின்பற்றுகிறீர்களா? அந்த ஊர் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கரைப்பான்கள் அங்கே சில டிகிரி முன்னதாகவே கொதிக்கும். கொதிநிலையில் செய்யும் வினைகளின் நேரத்தை டர்பனுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கிடைத்தது அதுதானா

குளோரோஃபார்ம்-டியில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள குளோரோஃபார்ம்) டைட்டானோசீன் டைகுளோரைடின் புரோட்டான் என்எம்ஆர் 6.59 பிபிஎம்மில் ஒற்றைக் கோடு தரும். இரண்டு வளையங்களின் பத்து ஹைட்ரஜனும் அதில் அடக்கம். தையோலேட்டு ஆனபின் அது 6 பிபிஎம் பக்கம் இறங்கும். பத்து வளைய ஹைட்ரஜன், எட்டு அரோமாட்டிக் ஹைட்ரஜன், ஆறு மெத்தில் ஹைட்ரஜன் என்ற விகிதம் சரியாக வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இன்னொரு கோடு நின்றால் ஒரு குளோரின் மட்டும் மாறிய பாதி விளைபொருள் கலந்திருக்கிறது; தையால் குறைந்துவிட்டது. 1.4, 3.1 பிபிஎம் பக்கம் எத்தில் கோடுகள் தெரிந்தால் வடிகட்டல் சரியில்லை. வெளிர்மஞ்சள் டைசல்ஃபைடு (இரண்டு தையால் கந்தகம்–கந்தகப் பிணைப்பால் சேர்ந்தது) கலந்திருந்தால் எங்கோ காற்றுப் பட்டிருக்கிறது.

பழைய குளோரோஃபார்ம்-டி புட்டியில் அமிலமும் நீரும் சிறிதளவு இருக்கும். மாதிரி குழாயிலேயே சிதையும், நீங்கள் வினையைக் குறை சொல்வீர்கள். புதுப் புட்டி எடுங்கள், அல்லது பென்சீன்-டி6 பயன்படுத்துங்கள். திண்மமாக இருக்கும்போது சிறிது நேரம் காற்றைத் தாங்கும் என்பதால் நிறுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை, கரைசல்தான் தாங்காது.

அடுத்து எங்கே

கை பழகியபின், ஒரே மூலக்கூறில் இரண்டு தையால் உள்ள 1,2-பென்சீன்டைதையாலை எடுத்து அதே செய்முறையைச் செய்யுங்கள். இரண்டு கந்தகமும் ஒரே டைட்டானியத்தைப் பிடித்து ஐந்தணு வளையம் ஆகும். ஊதாவுக்குப் பதில் கரும்பச்சை. அந்த வளையம் தட்டையாக இருக்காது, இரு கந்தகங்களுக்கு இடையேயுள்ள கோட்டில் மடங்கியிருக்கும். மடங்கினால்தான் கந்தகத்தின் எலக்ட்ரான் சோடி டைட்டானியத்தின் வெற்று ஆர்பிட்டாலை எட்டும். மடிப்பு மேலும் கீழும் புரண்டுகொண்டே இருப்பதால் அறை வெப்பநிலையில் சைக்ளோபென்டாடையீனைல் ஒற்றைக் கோடுதான். குளிரவைத்தால் இரண்டாகப் பிரியும். மாறும் வெப்பநிலை என்எம்ஆர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சேர்மம் எனக்குத் தெரியாது.

கரிமப் பகுதியே இல்லாத கந்தகச் சங்கிலியும் டைட்டானியத்தைப் பிடிக்கும். 1960களில் அறிவிக்கப்பட்ட டைட்டானோசீன் பென்டாசல்ஃபைடு அப்படிப்பட்டது. ஐந்து கந்தகமும் ஒரு டைட்டானியமும் சேர்ந்து நாற்காலி வடிவ ஆறணு வளையம். இதை நீர்க்கரைசலாக இருக்கும் அம்மோனியம் பாலிசல்ஃபைடிலிருந்தே செய்ய முடிகிறது. ஆக்சிஜன்தான் முதல் விருப்பம் என்று இவ்வளவு நேரம் சொன்னீர்களே என்று கேட்பீர்கள். வளையமாகப் பிடித்துக்கொள்வதும், உருவான உடனே கரையாமல் படிந்துவிடுவதும் அதைக் காப்பாற்றுகின்றன என்பது என் கணிப்பு. இதைக் கந்தக டைகுளோரைடோடு சேர்த்தால் ஆறு கந்தக வளையமும், டைசல்ஃபர் டைகுளோரைடோடு சேர்த்தால் ஏழு கந்தக வளையமும் கிடைக்கும். டைட்டானோசீன் டைகுளோரைடு சிவப்பாகத் திரும்பி வரும். தளர்ந்த பிடி என்று மேலே சொன்னது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

டைசல்ஃபைடு வழி வேறு. அங்கே தையாலின் ஹைட்ரஜனை நீக்கும் வேலை இல்லை. +2 நிலையிலுள்ள டைட்டானோசீன் டைகார்பனைல் கந்தகம்–கந்தகப் பிணைப்பையே பிளந்து, தான் +4 ஆகி, இரண்டு தையோலேட்டைப் பிடித்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு வெளிவரும், தொடக்கச் சேர்மம் காற்றைக் கொஞ்சமும் தாங்காது. க்ளவ்பாக்ஸ் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) இல்லாத ஆய்வகத்தில் இதை விட்டுவிடுங்கள்.

கரிமத் தொகுப்பில் ஆர்வம் உள்ளவர்கள் போக வேண்டிய இடம் தகேடா முறை. ஜப்பானில் தகேடா குழு 1997இல் வெளியிட்டது. டைட்டானோசீன் டைகுளோரைடு, மக்னீசியம் துருவல், ட்ரைஎத்தில் பாஸ்பைட்டு, பொடித்த 4 ஆங்ஸ்ட்ராம் சல்லடை எல்லாவற்றையும் டெட்ராஹைட்ரோஃபியூரானில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் கலக்கினால் +2 நிலை டைட்டானியம் குடுவையிலேயே தயாராகிறது. மக்னீசியத்தையும் சல்லடையையும் வெற்றிடத்தில் ஹீட் கன்னால் நன்றாகச் சூடாக்கி உலர்த்திய பிறகே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். வினை தொடங்காமல் போனால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குறை.

பிறகு பிஸ்(ஃபீனைல்தையோ) அசிட்டாலைச் (ஒரே கார்பனில் இரண்டு கந்தகத் தொகுதிகள் உள்ள தையோஅசிட்டால்) சேர்த்தால் டைட்டானியம் இரண்டு கந்தகத்தையும் கழற்றிவிட்டு, அந்தக் கார்பனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட கார்பீன் ஆகிவிடுகிறது. அடுத்து கீட்டோனோ எஸ்டரோ வந்தால், டைட்டானியம் அதன் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பனைக் கொடுக்கும், ஆல்கீன் உருவாகும். எஸ்டரோடும் நடக்கிறது என்பதுதான் இதன் மதிப்பு, விட்டிக் வினையில் அது எளிதில் நடக்காது. செலவு அதிகம்: ஒரு தையோஅசிட்டாலுக்கு மூன்று மடங்கு டைட்டானியம் வைக்கிறார்கள். ஒன்று கார்பீனாகிறது, இன்னொன்று கழன்ற இரண்டு தையோலேட்டைப் பிடித்துக்கொண்டு ஊதாவாக ஒதுங்கிவிடுகிறது.

வினை முடிந்ததும் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி, படியும் டைட்டானியக் கசடைச் செலைட்டில் வடிகட்டி, ஈதரால் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் கசட்டில் தையோலேட்டு இன்னும் இருக்கும். வடிதாளோடு சேர்த்து மூடியுள்ள புட்டியில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, கந்தகக் கழிவுக்கென்று உள்ள அலமாரியில் வையுங்கள். ஹூட்டுக்கு வெளியே இருக்கும் குப்பைக்கூடையில் வேண்டாம்.